லமினேட் தரை: வாசல் ஓரங்களுக்குப் பீடிங் தெரிவுசெய்வது எப்படி?

லமினேட் பலகை பதிக்க நினைப்பவர்கள் நிறம் பார்ப்பார்கள், சதுர அடி என்ன விலை என்று கேட்பார்கள். ஓரத்தில் என்ன வரும் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. கடையிலும் தாமாகச் சொல்லமாட்டார்கள். நாங்கள் கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குப் பலகை எடுத்தபோது, கடை தந்த விலைமனுவில் பீடிங் (பலகை ஓரத்தை மூடும் நீளச் சட்டம்) என்ற வரியே இருக்கவில்லை. பதித்தவர்கள் கூலியை வாங்கிக்கொண்டு போன பிறகுதான், ஒவ்வொரு வாசலிலும் விரல் அகலத்துக்கு இடைவெளி நிற்பது கண்ணில் பட்டது. அதை மூடும் பீடிங்கை வவுனியா, யாழ்ப்பாணம் என்று தேடிக் கடைசியில் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டி வந்தது. நிறமும் முழுதாகப் பொருந்தவில்லை.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். பீடிங் கடைசியில் வாங்கும் பொருள் அல்ல. எந்த வாசலில் எந்தப் பீடிங் என்று தீர்மானித்தால்தான் பலகையை எவ்விடத்தில் வெட்டி நிறுத்துவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பது தெரியும். ஆகவே கீழே சொல்லும் வேலைகளைப் பலகைக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னரே செய்யுங்கள்.

1. இடைவெளி ஏன் வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

லமினேட் பலகையைச் சீமெந்துடன் ஒட்டுவதில்லை. பலகைகள் ஒன்றுக்கொன்று கொளுவி, மெல்லிய விரிப்பின் மேல் சும்மா படுத்திருக்கும். பலகையின் உட்பகுதி மரநாரை அழுத்திச் செய்தது. காற்றில் ஈரம் கூடினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். வன்னியில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டும் மழையையும், வைகாசிக்குப் பிறகு மாதக்கணக்கில் அடிக்கும் வறண்ட காற்றையும் நினைத்துப் பாருங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் பலகை அசைந்துகொண்டுதான் இருக்கும்.

அறையின் நீளத்தில் மீற்றருக்கு 1 முதல் 1.5 மில்லிமீற்றர் வரை இடம் விட வேண்டும் என்பது பதிப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நடைமுறையில் சுற்றிவர 8 முதல் 12 மி.மீ. வரை விடுவார்கள். சுவரோரத்தில் அதைச் சுவரடியில் பூட்டும் ஸ்கேர்ட்டிங் சட்டம் மூடிவிடும். வாசலில் மூடுவதற்குத்தான் பீடிங்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. டைல்ஸ் வேலையில் கைதேர்ந்த மேசன்மாருக்கு இடைவெளி என்றாலே நிரப்ப வேண்டிய ஒன்று. லமினேட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் இடைவெளி கண்டால், நல்லது செய்வதாக நினைத்து வெள்ளைச் சீமெந்தோ கிறவுட்டோ போட்டுப் பூசிவிடுவார்கள். அன்றைக்குப் பார்க்க வடிவாகத்தான் இருக்கும். முதல் மாரியில் பலகை விரிய இடமின்றி அறை நடுவில் மேலெழும்பும், கால் வைத்தால் தொம் தொம் என்று சத்தம் கேட்கும். வேலை தொடங்கும் அன்றே, "அண்ணை, வாசல் இடைவெளிக்குள்ளை சீமெந்து போடாதேங்கோ, பீடிங் வரும்" என்று சொல்லிவிடுங்கள்.

2. வீட்டைக் கீறி, ஓரங்களுக்கு இலக்கம் போடுங்கள்

ஒரு கொப்பித்தாள் போதும். அறைகளைக் கீறுங்கள். லமினேட் முடியும் ஒவ்வொரு இடத்துக்கும் 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விடயங்களை எழுதுங்கள்: மறுபக்கம் என்ன இருக்கிறது (லமினேட், டைல்ஸ், வெறும் சீமெந்து, விறாந்தை, குளியலறை), இரு நிலைக்கால்களுக்கும் இடையிலான அகலம் எவ்வளவு, தண்ணீர் வருமா வராதா.

அறைக்கு நடுவிலும் பீடிங் தேவைப்படுமா என்று சிலர் கேட்பார்கள். ஒரே ஓட்டமாகப் பலகை போகக்கூடிய நீளத்துக்குக் கம்பனிகள் எல்லை வைத்திருக்கின்றன. பெரும்பாலும் 8 அல்லது 10 மீற்றர். அதைத் தாண்டினால் நடுவில் பிரித்துப் பீடிங் போட வேண்டும். 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடுகளில் எந்த அறையும் அவ்வளவு நீளம் வராது, ஆகவே கவலை வாசல்களைப் பற்றியது மட்டும்தான். பெரிய ஹோலோ, நீண்ட நடையோ உள்ள வீடு என்றால் பெட்டிக்குள் வரும் தாளில் உங்கள் பலகைக்குரிய எல்லையைப் பாருங்கள். வாசலிலும் நிறுத்தாமல் அறைக்கு அறை ஒரே ஓட்டமாகப் பதித்தால் அழகு என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை விரும்பவில்லை. வாசலில் பிரித்திருந்தால், ஓர் அறையில் தண்ணீர் பட்டுப் பலகை பழுதானாலும் அந்த அறையை மட்டும் கழற்றலாம்.

3. இரண்டு பக்க உயரத்தையும் அளவெடுங்கள்

இந்த ஒரு வேலையில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கண்மதிப்பில் விடாதீர்கள்.

கடையில் மாதிரித் துண்டு ஒன்றும், கையளவு விரிப்பும் கேட்டு வாங்குங்கள், தருவார்கள். வாசலில் விரிப்பை வைத்து அதன் மேல் துண்டை வையுங்கள். 8 மி.மீ. பலகையும் 2 மி.மீ. விரிப்பும் என்றால் மொத்தம் 10 மி.மீ. உயரும். துண்டின் மேலிருந்து மறுபக்கத் தரைக்கு மேசனின் மட்டத்தைக் குறுக்கே பிடியுங்கள். கீழே எவ்வளவு வெளி தெரிகிறது என்று அடிமட்டத்தால் அளவிடுங்கள். இடது நிலைக்காலோரம், நடு, வலது நிலைக்காலோரம் என்று மூன்று இடத்தில் அளவெடுங்கள். ஊரில் கையால் இழுத்த சீமெந்துத் தரைகளில் வாசல் நடு மேடாகவும் ஓரங்கள் பள்ளமாகவும் இருப்பது வழக்கம். மூன்று அளவுக்கும் இடையில் 2, 3 மி.மீ. வித்தியாசம் வந்தால் எந்தப் பீடிங் போட்டாலும் ஆடும். முதலில் மேட்டைத் தேய்த்து அல்லது பள்ளத்தைப் பூசிச் சரிப்படுத்துங்கள். முருங்கன் பக்கம் களிமண் நிலத்தில் கட்டிய வீடுகளில் தரையே காலத்துக்குக் காலம் எழும்பித் தாழும். அங்கே வாசலில் வெடிப்பு ஓடியிருந்தால், அதைத் திருத்தாமல் மேலே பீடிங் பூட்டுவதில் பயனில்லை.

அப்புறம் கதவு. பலகையும் விரிப்பும் 10 மி.மீ., பீடிங் அதற்கு மேலே இன்னும் 3 முதல் 5 மி.மீ. வரை நிற்கும், கதவு உரசாமல் ஆட 3 மி.மீ. விட வேண்டும். ஆக, இப்போது கதவின் அடிக்கும் தரைக்கும் இடையில் 18 மி.மீ. இருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் கதவைக் கழற்றி அடியைச் சீவ வேண்டும். அது ஓடாவியாரின் வேலை, அதற்குத் தனிக்கூலி, அவர் வரும் நாளையும் பலகை பதிக்கும் நாளையும் பொருத்திக்கொள்ள வேண்டும். பலகை பதித்து முடிந்த பிறகு கதவு மூடவில்லை என்று கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

4. எந்த ஓரத்துக்கு எது என்று தீர்மானியுங்கள்

கடைகளில் பெயர்கள் குழம்பும். எல்லாவற்றையும் பீடிங் என்றே சொல்வார்கள். வடிவத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இருபக்கமும் ஒரே உயரம், அல்லது வித்தியாசம் 3 மி.மீ.க்குள் என்றால் ரி பீடிங். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில ரி எழுத்துப் போலிருக்கும். கால் இடைவெளிக்குள் இறங்கும், இரு சிறகும் இரு பக்கத்தையும் மூடும். இதற்கு வாசலில் ஏறத்தாழ 20 மி.மீ. இடைவெளி வேண்டும். சிறகின் முழு அகலம் 40 மி.மீ. என்றால் இருபக்கமும் 10 மி.மீ. மேலே படியும். கோடையில் பலகை சுருங்கினாலும் வெடிப்பு வெளியே தெரியாது. சிறகு குறுகிய மலிவான ரி பீடிங்கைக் காட்டினால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 மி.மீ. சிறகுக்கு ஒரு பக்கத்தில் 5 மி.மீ.தான் மிஞ்சும், வன்னிக் கோடைக்கு அது போதாது.

வித்தியாசம் அதற்கு மேல் என்றால் ரெடியூசர். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்து இறங்கும். புதிதாக லமினேட் போட்ட அறைக்கும் பழைய சீமெந்து ஹோலுக்கும் நடுவில் பெரும்பாலும் இதுதான் வரும். இந்த இடத்தில் ரி பீடிங்கைப் பூட்டினால் ஒரு சிறகு காற்றில் நிற்கும். மிதிக்க மிதிக்கப் பீடிங்கின் கழுத்து முறியும். உயரம் ரெடியூசரின் எல்லையையும் தாண்டினால் அதுவும் பொருந்தாது, சீமெந்தில் சரிவு கட்டிப் பிறகு பார்க்க வேண்டும். எந்தப் பீடிங்குக்கும் எத்தனை மில்லியிலிருந்து எத்தனை மில்லி வரை பொருந்தும் என்ற அளவு உறையில் இருக்கும். 12 மி.மீ. பலகைக்கென வந்ததை 8 மி.மீ. பலகைக்குத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம்.

மறுபக்கம் எதையும் தொடாமல் பலகை நின்றுபோகும் இடத்துக்கு எண்ட் பீடிங். வெளிவாசல், கண்ணாடித் தள்ளுகதவு, குளியலறைப் படி எல்லாம் இதில் வரும்.

மாடிப்படி உள்ளவர்களுக்குப் படியின் முன்விளிம்பை மூடும் நோசிங். அதைத் தரையோடு சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். படிப் பலகையை மிதக்கவிட முடியாது, ஒட்டித்தான் பூட்ட வேண்டும்.

வீட்டில் சக்கர நாற்காலியோ, செயற்கைக் காலோ, ஊன்றுகோலோ பாவிப்பவர் இருந்தால் இந்தத் தெரிவை அவரோடு கதைத்துச் செய்யுங்கள். எங்கள் பகுதியில் அப்படியான வீடுகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் நாலு மில்லி திண்டு நமக்குத் தெரியாது, கால் இழுத்து நடப்பவருக்கு அது விழும் இடம். இயன்றவரை இருபக்க உயரத்தையும் சமப்படுத்தி, தட்டையான அலுமினிய ரி பீடிங் போடுங்கள். உயரம் இருந்தே ஆக வேண்டும் என்றால் சாதாரண ரெடியூசரின் சரிவு செங்குத்தாக இருக்கும். சாய்தளங்களுக்குப் பொதுவாகச் சொல்லும் 1க்கு 12 என்ற கணக்கில், 10 மி.மீ. ஏற்றத்துக்கு 12 சென்ரிமீற்றர் நீளச் சரிவு வேண்டும். அதை ஓடாவியாரிடம் பலகையில் சீவுவித்துக்கொள்ளலாம்.

5. விறாந்தை வாசலுக்கும் குளியலறை வாசலுக்கும் தனியாக யோசியுங்கள்

லமினேட்டின் மேற்பரப்பு தண்ணீரைத் தாங்கும். வெட்டிய ஓரம் தாங்காது. ஒருமுறை ஊறிப் பொருமினால் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. வாடைக் காற்றோடு வரும் மழை விறாந்தையைக் கடந்து வாசல் வரை அடிக்கும், ஈரக்காலோடு பிள்ளைகள் ஓடி வருவார்கள். ஆகவே இந்த இடங்களில் மரப் பீடிங் வேண்டவே வேண்டாம்.

பலகையை நிலைக்கு உள்பக்கமாகவே நிறுத்துங்கள். நிலைக்குக் கீழேயும் வெளியேயும் டைல்ஸ் அல்லது சீமெந்தாகவே இருக்கட்டும். அங்கே அலுமினிய எண்ட் பீடிங். இடைவெளிக்குள் நுரைக்கயிறு ஒன்றை அமர்த்தி, மேலே அமில வாடை இல்லாத நியூட்ரல் சிலிக்கன் விட்டு, பிறகு பீடிங்கைப் பூட்டுங்கள். சிலிக்கன் இறுகினாலும் ரப்பர் போல் அசைந்து கொடுக்கும், பலகை விரிவதைத் தடுக்காது. 280 மில்லிலீற்றர் குழாய் ஒன்று, 10 மி.மீ. அகலமும் 10 மி.மீ. ஆழமும் உள்ள இடைவெளியில் 2.8 மீற்றர் வரை போகும். மூன்று வாசலுக்குப் போதும்.

குளியலறை வாசலில் இன்னொரு ஆபத்து. தண்ணீர்க் குழாய் பல வீடுகளில் வாசல் படிக்குக் கீழேதான் ஓடுகிறது. எங்கே ஓடுகிறது என்று வீடு கட்டிய மேசனிடமோ பிளம்பரிடமோ கேட்காமல் துளை போடவிடாதீர்கள். சந்தேகம் என்றால் அந்த ஒரு வாசலுக்கு ஸ்குரூ வேண்டாம், பசையால் ஒட்டும் வகையை எடுங்கள்.

6. மரமா, அலுமினியமா?

பலகையின் நிறத்திலேயே தாள் ஒட்டி வரும் எம்டிஎப் (மரநாரை அழுத்திச் செய்தது) பீடிங் பார்க்க அழகு. படுக்கையறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் போடலாம். அதிகம் நடமாடும் வாசலில் போடாதீர்கள். நமது செம்மண் புழுதி செருப்போடும் காலோடும் வந்து உப்புத்தாள் போல் தேய்க்கும், முதலில் வெளுப்பது பீடிங்கின் மேல் தாள்தான். கறையானும் இருக்கிறது. பலகையும் மரநார்தான் என்பதால் பதிக்கும் முன் தரைக்கும் சுவரோரத்துக்கும் கறையான் மருந்து அடிப்பது எப்படியும் தேவை. ஆனால் துளை போட்டுச் சீமெந்தோடு பூட்டிய மரத்துண்டு அதற்கு நேர்வழி.

என் தெரிவு, வீடு முழுவதும் அலுமினியம். வெள்ளி நிறம் பிடிக்காவிட்டால் வெண்கல நிறத்திலும் கபில நிறத்திலும் வருகிறது. நிலையின் நிறத்தோடு பொருத்தினால் பலகையின் நிறத்தோடு சரியாகப் பொருந்தாத குறை தெரியாது. மேலே கோடு கோடாக வரி உள்ளது வழுக்காது, ஆனால் வரிக்குள் புழுதி அடையும். ஆகவே வெளிவாசலுக்கு வரியுள்ளது, உள்ளே வழுவழுப்பானது. ஸ்குரூ வெளியே தெரியும் வகை மலிவு. அடியில் ஒரு தண்டவாளத்தைப் பூட்டி மேலே அமர்த்தும் வகை விலை கூட. பிறகு கழற்ற வேண்டி வந்தால் எனக்கு முதல் வகைதான் வசதியாகப் படுகிறது.

பீடிங்குக்கென்று கொழும்புக்கு ஓட முன், ஜன்னல், கதவு செய்யும் உள்ளூர் அலுமினியக் கடையில் கேளுங்கள். ரெடியூசர் கிடைக்காவிட்டாலும், எண்ட் பீடிங்குக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய எல் வடிவக் கோணச்சட்டம் அங்கே இருக்கும். உங்கள் அளவுக்கு நேராக வெட்டியும் தருவார்கள்.

7. நீளத்தையும் செலவையும் கணக்கிடுங்கள்

பீடிங்கை அடிக்கணக்கில் வெட்டித் தரமாட்டார்கள், முழு நீளமாகத்தான் விற்பார்கள். 2.4 மீற்றரும் 2.7 மீற்றரும் பொதுவான நீளங்கள். இங்கேதான் காசு வீணாகும். நிலைக்கால்களுக்கு இடையில் 2 அடி 9 அங்குலம் என்றால் 84 சென்ரிமீற்றர். 2.7 மீற்றர் நீளத்தில் மூன்று வாசல் எடுக்கலாம், மிச்சம் ஒரு சாண் வரும். 2.4 மீற்றரில் இரண்டு வாசல்தான், முக்கால் மீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த துண்டு வீண். ஆறு வாசல் உள்ள வீட்டுக்கு முதலாவதில் இரண்டு நீளம், இரண்டாவதில் மூன்று. ஒரு நீளத்தின் விலையைக் கேட்டு ஒப்பிடாமல், உங்கள் தாளில் உள்ள எல்லா வாசலுக்குமான மொத்தத்தை ஒப்பிடுங்கள். வாசலின் நடுவில் இரண்டு துண்டு சேர்த்துப் பொருத்துவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

சொல்லும் விலையில் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம், சிறிய தொகை அல்ல. அதோடு ஸ்குரூ, ரோல் பிளக் (ஸ்குரூ பிடிக்கத் துளைக்குள் இறக்கும் குழல்), சிலிக்கன், கதவு சீவும் கூலி, லொறிக் கூலி. பதிப்பவர்கள் சதுர அடிக்குக் கூலி பேசுவார்கள். வாசல் பீடிங் பூட்டுவது அதற்குள் அடங்குமா, வாசலுக்கு இவ்வளவு என்று தனியா என்பதை வேலைக்கு முன் பேசி, விலைமனுவிலேயே எழுதுவியுங்கள்.

பார்சலில் எடுப்பிப்பதானால் நீளங்களை நேரான றீப்பையோடு சேர்த்துக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். பரந்தனிலோ மாங்குளத்திலோ இறக்கி முல்லைத்தீவுப் பக்கம் இன்னொரு வாகனத்தில் ஏற்றும்போதுதான் வளைகிறது. வளைந்த அலுமினியம் மீண்டும் நேராகாது.

8. கடையிலிருந்து வர வேண்டிய தாள்கள்

விலைமனு: பலகை, விரிப்பு, ஸ்கேர்ட்டிங், பீடிங் ஒவ்வொன்றும் தனி வரியில். "இதர பொருட்கள்" என்று ஒரே வரியில் போட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பற்றுச்சீட்டு: பீடிங்கின் மாதிரி இலக்கமும் நிற இலக்கமும் அதில் இருக்க வேண்டும். ஒன்று பழுதானால் அதே நிறத்தைத் தேட இது ஒன்றுதான் வழி. வெட்டாத நீளத்தைத் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்பதையும் அதிலேயே எழுதுவியுங்கள்.

உத்தரவாத அட்டை: கடை முத்திரையும் திகதியும். அதன் பின்பக்க நிபந்தனைகளை வாசியுங்கள். இடைவெளி விடாமலும், நீள எல்லையைத் தாண்டியும் பதித்த தரைக்கு உத்தரவாதம் செல்லாது என்றே பெரும்பாலும் இருக்கும். ஆகவே பீடிங் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு வாசல் இடைவெளியிலும் அடிமட்டத்தை வைத்துப் போனில் ஒரு படம் எடுத்து, அட்டையோடு சேர்த்து வைத்திருங்கள். பிறகு பிரச்சினை வந்தால் உங்கள் பக்கத்துக்கு அது சாட்சி.

9. நாளையும் வேலை ஒழுங்கையும் பொருத்துங்கள்

பலகை வீட்டுக்கு வந்து 48 மணித்தியாலமாவது பெட்டியோடு அறைக்குள் கிடக்க வேண்டும். மரப் பீடிங்கையும் அதோடு வையுங்கள். மழைக்காலத்தில் பதிப்பதைத் தவிர்த்தால் நல்லது. பழைய சீமெந்துத் தரைகளில் கீழிருந்து ஈரம் ஏறும். இரண்டு அடிச் சதுரப் பொலித்தீனைத் தரையில் நான்கு பக்கமும் ரேப்பால் ஒட்டி, ஒரு நாளாவது விட்டுப் பாருங்கள். கீழே நீர் துளிர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ காய விட வேண்டும். கோடையில் பதித்தால் இடைவெளியைக் குறைக்காமல் முழுதாக விடுங்கள், மழைக்கு விரியப்போகிறது.

பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்குரூ சீமெந்துக்குள் போக வேண்டும், பலகைக்குள் போகக்கூடாது. பசை என்றாலும் அப்படித்தான், பலகை ஓரத்தில் படாமல் தரையில் மட்டும். துளையை முதலில் போட்டு, தூளை ஊதி எடுத்து, ரோல் பிளக்கை முழுதாக இறக்கிய பிறகே ஸ்குரூ. தரை உதிர்ந்து பிளக் பிடிக்காவிட்டால் பெரிய துளை போடாமல் பியூ (பொலியூரித்தேன்) பசைக்கு மாறுங்கள். பீடிங் வாசலின் நடுவில் இருக்க வேண்டியதில்லை. கதவு மூடும்போது அதன் கீழே வரும்படி வைத்தால், மூடிய கதவுக்கு எந்தப் பக்கம் நின்றாலும் மற்ற அறையின் தரை தெரியாது. சிலிக்கனோ பசையோ விட்ட வாசலை 24 மணித்தியாலம் மிதிக்கவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம்.

முதல் மாரி தொடங்கிச் சில கிழமைகளில் ஒவ்வொரு வாசலிலும் பீடிங்கைக் காலால் அமர்த்திப் பாருங்கள். ஆடினாலோ ஒரு பக்கம் எழும்பி நின்றாலோ ஸ்குரூவை இறுக்கிச் சமாளிக்காதீர்கள். கழற்றி, பலகை விரிந்து பீடிங்கின் காலில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் அந்த ஓரத்தில் சில மில்லி சீவி எடுத்துவிட்டு, அதே பீடிங்கை அதே துளையில் மீண்டும் பூட்டலாம்.